கலர் வீலைக் கொஞ்சம் ஓரம் வையுங்கள்: பட்டுப்புடவைக் கடை வலைத்தளத்துக்கு நிறம் தேர்வது எப்படி?

கேள்வி: காஞ்சிபுரத்தில் எங்கள் குடும்பப் பட்டுப்புடவைக் கடைக்கு வலைத்தளம் செய்துகொண்டிருக்கிறேன். நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் கலர் வீலில் எதிரெதிரே நிற்கும் நிறங்கள் ஜோடி சேரும் என்று படித்தேன். தலைப்புப் பட்டைக்கு வாடாமல்லி (199, 21, 133), அதன்மேல் எழுத்துக்கும் பட்டன்களுக்கும் கிளிப்பச்சை (76, 175, 80) வைத்தேன். புடவையில் எடுப்பாக இருக்கும் அதே ஜோடி திரையில் கண்ணைக் கூசவைக்கிறது. எங்கே தப்பு? வலைத்தளத்துக்குத் தேவையான அளவு கலர் தியரி சொல்லித் தர முடியுமா?

பதில்:

உங்கள் ஜோடி நல்ல ஜோடிதான். ஒன்றைப் பின்னணியாகவும் மற்றதை எழுத்தாகவும் வைத்ததில்தான் சிக்கல். புடவையில் உடலும் பார்டரும் அகல அகலமான பரப்புகள். அங்கே யாரும் எதையும் வாசிக்கப் போவதில்லை. திரையில் எழுத்தின் கோடு ஒன்றிரண்டு பிக்சல் கனம். அவ்வளவு மெல்லிய உருவத்தைக் கண் பிடிப்பது நிறம் என்ன என்பதை வைத்து அல்ல, வெளிச்சம் எவ்வளவு கூடக்குறைய இருக்கிறது என்பதை வைத்து. கலர் தியரியில் வலைத்தளக்காரருக்கு முதலில் வேண்டியது இந்த ஒன்றுதான். கலர் வீல் அதற்கு ரொம்பப் பின்னால் வருகிறது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் வீலில்தான் ஆரம்பித்து வீலிலேயே முடிகின்றன.

திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். மூன்று விளக்கும் முழுதாக எரிந்தால் வெள்ளை, மூன்றும் அணைந்தால் கறுப்பு. சாயத்தில் நேர்மாறு: சேர்க்கச் சேர்க்கக் கறுத்துக்கொண்டு போகும். இந்த மூன்று விளக்குகளும் நம் கண்ணுக்கு ஒரே அளவு பிரகாசமாகத் தெரிவதில்லை என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வெள்ளைத் திரையின் மொத்தப் பிரகாசத்தை 100 என்று வைத்தால், அதில் பச்சையின் பங்கு ஏறக்குறைய 72, சிவப்பு 21, நீலம் வெறும் 7. முழு மஞ்சளில் (255, 255, 0) சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிவதால் அது கிட்டத்தட்ட வெள்ளை அளவுக்கே பிரகாசம். முழு நீலம் (0, 0, 255) கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கும். வெள்ளைத் தாளில் மஞ்சள் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் ஏன் படிக்க முடியாது என்பதற்கும் இதுதான் காரணம்.

இந்தப் பிரகாச வித்தியாசத்தை எண்ணாகச் சொல்வதுதான் கான்ட்ராஸ்ட் விகிதம். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2008-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியில் அது இருக்கிறது. ஒரே நிறத்தின் மேல் அதே நிறம் என்றால் 1:1. வெள்ளையில் கறுப்பு என்றால் 21:1. மற்றதெல்லாம் நடுவில். சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டி. 24 பிக்சலுக்கு மேற்பட்ட பெரிய எழுத்து என்றால் 3:1 போதும். இன்னும் கறாரான நிலைக்கு 7:1.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். வாடாமல்லி மேல் கிளிப்பச்சை 1.95:1. இரண்டைக்கூடத் தொடவில்லை. அதே வாடாமல்லியில் வெள்ளை எழுத்து வைத்திருந்தால் 5.4:1, தாராளமாகத் தேறியிருக்கும். ஆக, தலைப்புப் பட்டையை நீங்கள் மாற்றவே வேண்டாம், எழுத்தை வெள்ளையாக்கினால் முடிந்தது. பச்சை பட்டனுக்கும் அப்படியே செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கிளிப்பச்சையில் வெள்ளை எழுத்து 2.8:1தான், பெரிய எழுத்துக்கான வரம்பையே எட்டவில்லை. ஆனால் கறுப்பு எழுத்து வைத்தால் 7.6:1. வெள்ளைதான் வேண்டும் என்றால் பச்சையை ராமர் பச்சைப் பக்கம் இறக்குங்கள். (0, 128, 0) வரை இறங்கினால் வெள்ளை எழுத்து 5.1:1 வருகிறது. நடுத்தரப் பச்சையில் வெள்ளை எழுத்து போட்ட ‘வாங்கு’ பட்டன் எத்தனை தளங்களில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், மலைத்துப் போவீர்கள்.

கண் கூசியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு நிறங்களும் வெளிச்சத்தில் ஒன்றை ஒன்று நெருங்கி, இரண்டுமே நல்ல அடர்த்தியாக இருந்தால், அவை சந்திக்கும் ஓரம் நடுங்குவது போலத் தெரியும். எது முன்னால், எது பின்னால் என்று கண்ணால் முடிவு செய்ய முடிவதில்லை. சிவப்பும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இது இன்னும் மோசம். இரண்டின் அலைநீளமும் வேறு வேறு என்பதால் கண்ணின் லென்ஸ் அவற்றை ஒரே தூரத்தில் குவிப்பதில்லை. அதனால்தான் கருநீலத்தில் சிவப்பு எழுத்து மிதப்பது போலத் தோன்றும்.

இந்த விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர்களுக்கே தெரிந்த ஒன்று இருக்கிறது. அரக்கு உடலில் தங்க ஜரிகை ஏன் அப்படிப் பளிச்சிடுகிறது? அரக்கை (128, 0, 0) என்றும் ஜரிகையை (212, 175, 55) என்றும் எடுத்துக்கொண்டால் விகிதம் 5.2:1. அதே ஜரிகைத் தங்கத்தை வெள்ளைப் பக்கத்தில் எழுத்தாக வைத்தால் 2.1:1. பட்டுக்கடைத் தளங்கள் ‘ரிச்’சாக இருக்கட்டும் என்று வெள்ளையில் தங்க எழுத்து போடுவதும், விலை எவ்வளவு என்றே தெரியாமல் வாடிக்கையாளர் போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதும் இதனால்தான். தங்கத்துக்கு இடம் இருண்ட பரப்பு. வெளிர்ப் பரப்பில் அது கோடாகவோ ஓரமாகவோ இருக்கலாம், படிக்க வேண்டிய எதுவாகவும் இருக்கக் கூடாது.

சாம்பல் எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் வழுக்குவது இங்கேதான். வெள்ளைப் பின்னணியில் தேறும் மிக வெளிர்ந்த சாம்பல் #767676, அதாவது (118, 118, 118); விகிதம் 4.54:1. அடுத்த படி #777777 தேறாது. சரி, #767676-ஐத் தேர்ந்துவிட்டீர்கள். பிறகு பக்கம் பட்டுக்கடை மாதிரி இருக்கட்டும் என்று வெள்ளையைச் சந்தன வெள்ளையாக, (250, 245, 235) என்று மாற்றுகிறீர்கள். எழுத்தைத் தொடவே இல்லை, ஆனால் விகிதம் 4.2:1 ஆகிவிடும். பின்னணியைத் தொட்டால் அதன் மேல் நிற்கும் எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும்.

தமிழில் எழுதும் தளம் என்றால் 4.5-இல் நிற்காதீர்கள் என்பேன். வழிகாட்டியில் அப்படி எதுவும் சொல்லவில்லை, இது என் அபிப்பிராயம். ‘ணை’, ‘ஞ’, ‘றூ’ போன்ற எழுத்துகளில் சுழிகள் நெருக்கமாக இருக்கின்றன. 14 பிக்சலில் அந்தச் சுழிகளின் உள்வெளி ஓரிரு பிக்சல்தான். எழுத்து வெளிறினால் முதலில் அடைபடுவது அதுதான். பத்தி எழுத்துக்கு நான் 7:1-க்குக் கீழே போவதில்லை. #333333, அதாவது (51, 51, 51), வெள்ளையில் 12.6:1, சந்தன வெள்ளையிலும் கவலையில்லை. வெயிலில் நின்று, பிரகாசத்தைக் குறைத்து வைத்த போனில் பார்ப்பவர்களுக்கும் அது உதவும்.

இனி நிறத்தின் மூன்று குணங்கள். ஹியூ என்பது சிவப்பா பச்சையா என்ற வகை. சாச்சுரேஷன் என்பது அடர்த்தி: கிளிப்பச்சையா, வெளுத்த பாசிப்பச்சையா என்பது. லைட்னஸ் என்பது வெளிச்ச நிலை. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்-இல் எச்எஸ்எல் என்ற முறையில் இந்த மூன்றையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். கையாள வசதி, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. மஞ்சளுக்கு ஹியூ 60, நீலத்துக்கு 240. இரண்டுக்கும் லைட்னஸ் 50 சதவீதம் என்று கொடுங்கள். எண் ஒன்றுதான், ஆனால் வெள்ளையில் மஞ்சள் 1.07:1, நீலம் 8.6:1. அந்த ‘லைட்னஸ்’ கணக்குக்குச் சௌகரியமாக வைத்த எண், கண் பார்ப்பதோடு அதற்குச் சம்பந்தம் குறைவு. ‘எல்லாப் பட்டனுக்கும் லைட்னஸ் 45, ஹியூ மட்டும் மாறும்’ என்று தளம் கட்டுபவர்கள் மஞ்சளில் வந்து முட்டிக்கொள்வது இதனால்.

இதற்கு இப்போது நல்ல மாற்று வந்துவிட்டது. மென்பொருள் பொறியாளர் பியோர்ன் ஓட்டோசன் 2020-இல் வெளியிட்ட ஓகேலேப் என்ற, நிறங்களை எண்களால் குறிக்கும் முறையில், வெளிச்ச எண் ஒன்றாக இருந்தால் கண்ணுக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும்படி கணக்கு அமைந்திருக்கிறது. அதன் சிஎஸ்எஸ் வடிவம் ஓகேஎல்சிஎச். 2023-லிருந்து பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. ஒரு நிறத்தின் வெளிர், நடுத்தர, அடர் சாயல்களை ஏணி மாதிரி உருவாக்க வேண்டும் என்றால் எச்எஸ்எல்-ஐ விட்டுவிட்டு இதில் செய்யுங்கள். கான்ட்ராஸ்ட் விகிதத்தை மட்டும் தனியாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு வேறு.

கலர் வீல் வேண்டாம் என்று சொல்லவில்லை. நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலிலேயே நிறங்களை வட்டமாக வளைத்து வைத்துவிட்டார், நல்ல கருவிதான். ஆனால் புழக்கத்தில் இரண்டு வீல்கள் இருக்கின்றன என்பதை யாரும் சொல்வதில்லை. ஓவியர்களின் வீலில் சிவப்புக்கு எதிரே பச்சை. திரையின் வீலில் சிவப்புக்கு எதிரே சயான் என்ற நீலப்பச்சை, பச்சைக்கு எதிரே மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு. ஒரு டூல் ஒன்றையும் இன்னொன்று மற்றதையும் பயன்படுத்தும். அதனால்தான் ஒரே நிறத்துக்கு இரண்டு டூல்கள் இரண்டு ஜோடிகளைக் காட்டுகின்றன. எது வந்தாலும் வீல் சொல்வது ஹியூவைப் பற்றி மட்டும். எது எழுத்து, எது பின்னணி, எவ்வளவு பரப்பு என்று அது சொல்லாது. வீல் கொடுத்த ஜோடியில் ஒன்றை நன்றாக இருட்டாக்கி, மற்றதைச் சின்ன இடத்தில் மட்டும் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

உங்கள் தளத்துக்கு வருவோம். புடவைக் கடையில் பக்கத்தின் நிறம் நீங்கள் தேர்வது அல்ல, புடவைப் படங்கள் தேர்வது. ஒரு பக்கத்தில் இருபது புடவை என்றால் மாந்துளிர், மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, குங்குமச் சிவப்பு என்று எல்லாம் வந்து நிற்கும். அதற்கு நடுவே வாடாமல்லிப் பட்டையும் கிளிப்பச்சைப் பட்டனும் போட்டிக்கு வந்தால் வாடிக்கையாளர் எதைத்தான் பார்ப்பார்?

போட்டி மட்டும் அல்ல, நிறமே மாறித் தெரியும். பாரிஸில் கோபலான் நெசவாலையில் சாயப் பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் செவ்ரல் என்பவருக்கு இதே தொழில்தான் இதைக் கற்றுக்கொடுத்தது. நீல, ஊதாத் துணிகளில் நிழலுக்காகப் போட்ட கறுப்பு சோபையில்லாமல் இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தைப் பரிசோதித்தார், சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டின. ஒரு நிறம் பக்கத்து நிறத்தைத் தன் எதிர் நிறத்தின் பக்கம் தள்ளிக் காட்டும் என்று 1839-இல் தனிப் புத்தகமே எழுதினார். உங்கள் கடையிலும் புடவையை விரிக்கும்போது எந்தப் புடவைக்குப் பக்கத்தில் எதை விரிப்பது என்று பெரியவர்கள் பார்த்துத்தான் விரிப்பார்கள். பச்சைப் பின்னணியில் ஒரு சிவப்புப் புடவையை வைத்தால் இருப்பதைவிடச் சிவப்பாகத் தெரியும். வாங்கியவர் வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டு ‘படத்தில் பார்த்த கலர் இது இல்லை’ என்பார். அதனால் படங்களைச் சுற்றி வெள்ளை, சந்தன வெள்ளை, சாம்பல் தவிர எதுவும் வேண்டாம். சந்தன வெள்ளையும் லேசாக இருக்கட்டும், மஞ்சள் தூக்கலானால் நீலப் புடவைகள் இன்னும் நீலமாகத் தெரியும்.

படம் எடுக்கும்போதே பாதி வேலை. ஒரே விளக்கு, புடவைக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டை, அதை வைத்து வைட் பேலன்ஸ், அதாவது விளக்கின் சாயலைக் கழித்து நிறத்தைச் சரிசெய்வது. கடையின் டியூப் லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்த இடத்தில் எடுத்தால் எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. சேமிக்கும்போது, திரைகளும் பிரவுசர்களும் பொதுவாக எதிர்பார்க்கும் நிற முறையான எஸ்ஆர்ஜிபி-யில் சேமியுங்கள். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு முறையை வைத்து எடுத்து, அந்தத் தகவல் ஒட்டாமல் தளத்தில் ஏற்றினால் நிறம் சவசவ என்று போய்விடும். அப்படியும் வாடிக்கையாளரின் போன் ‘விவிட்’ நிலையில் இருந்தால் கூடுதல் பளபளப்பாகத்தான் தெரியும். அது நம் கையில் இல்லை. ஆகவே நிறத்தின் பெயரையும் எழுத்தில் கொடுங்கள். நம் ஆட்களுக்கு ‘டார்க் க்ரீன்’ என்பதைவிட ‘ராமர் பச்சை’ என்பதே துல்லியமான தகவல். மயில்கழுத்துக்கு வண்ணக் கட்டம் போட முயல வேண்டாம். பாவும் ஊடும் வேறு வேறு நிறம், அசைத்தால் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை. எந்த ஒற்றை எண்ணும் அதைச் சொல்லாது. அந்தக் கட்டத்தில் துணியையே நெருக்கத்தில் எடுத்த சின்னப் படத்தை வையுங்கள்.

மற்றபடி தளத்துக்கு ஒரே ஒரு நிறம் போதும். வாடாமல்லியே இருக்கட்டும், கடைக்கு அடையாளமாக நிற்கும், அதன் மேல் வெள்ளை எழுத்தைப் படிக்கவும் முடிகிறது. தலைப்புப் பட்டை, ‘பையில் சேர்’ பட்டன், லிங்குகள் எல்லாம் அதிலேயே. சொடுக்க முடியாத எதற்கும் அந்த நிறத்தைப் பட்டன் மாதிரிக் கொடுக்காதீர்கள். கிளிப்பச்சை ‘புது வரவு’ பட்டி மாதிரி ஒரு சின்ன இடத்தில், கறுப்பு எழுத்தோடு வரலாம். முதன்மை நிறம் 60 சதவீதம், துணை நிறம் 30, எடுப்பான நிறம் 10 என்று, 60-30-10 என ஒரு சூத்திரம் சொல்வார்கள். வீட்டு அலங்காரத்திலிருந்து வந்தது, சோபாவுக்கும் திரைச்சீலைக்கும் சரி. படங்கள் நிரம்பிய கடைத் தளத்தில் அந்த முப்பது எங்கே போய் உட்காரும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

தவறு நடந்தால் காட்டும் சிவப்பை யோசித்து வையுங்கள். தளத்தின் நிறம் அரக்கோ வாடாமல்லியோ ஆக இருக்கும்போது, ‘பின்கோடு தவறு’ என்ற சிவப்பு வரி அலங்காரம் போலவே தெரியும். நிறத்தை மட்டும் நம்பாமல் ஓர் அடையாளக் குறியும் தெளிவான வாக்கியமும் சேர்த்துவிடுங்கள். சிவப்பு-பச்சை பிரித்தறியாதவர்களுக்கும் அது வேண்டும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு வகை நிறப்பார்வைக் குறைபாடு உண்டு, பெண்களில் மிகக் குறைவு. ஃபேஸ்புக்கின் நீலத்துக்குக் காரணமே ஸக்கர்பெர்குக்குச் சிவப்பு-பச்சை சரியாகத் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும் என்பதுதான், அவரே சொன்னது. ‘இருப்பு உண்டு’ என்பதற்குப் பச்சைப் புள்ளி, ‘இல்லை’ என்பதற்குச் சிவப்புப் புள்ளி என்று வைக்காமல், எழுத்திலேயே எழுதுங்கள்.

நீலம் நம்பிக்கை, ஆரஞ்சு உற்சாகம், ஊதா ஆடம்பரம் என்று பட்டியல் போடுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நம் பங்குச் சந்தைத் திரையில் சிவப்பு என்றால் விலை இறக்கம். சீனாவிலும் ஜப்பானிலும் சிவப்புதான் ஏற்றம். பொருள் நிறத்தில் இல்லை, பார்ப்பவரின் பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தைத் தெரிந்துவைத்திருப்பது மட்டும் உபயோகம். முகூர்த்தப் புடவைப் பக்கத்தைக் கறுப்புப் பின்னணியில் அமைத்தால் நவீனமாக இருக்கலாம், ஆனால் பெண்ணின் அம்மாவோடும் அத்தையோடும் சேர்ந்து பார்க்கும்போது யாராவது ஒருவர் முகம் சுளிப்பார். படங்களைச் சுற்றிய இடம் போக, அங்கே அரக்குப் பின்னணியே உத்தமம், ஜரிகைத் தங்கத்துக்கும் அதுதான் இடம் என்று மேலே பார்த்தோம். அப்புறம், மேலே கறுப்புப் பட்டை, அதை ஒட்டிக் கீழே சிவப்புப் பட்டை என்று தமிழ்நாட்டில் யாரும் யோசிக்காமல் வைக்கக் கூடாது. புடவை வாங்க வந்தவரோடு அரசியல் பேச வேண்டிவரும்.

சரிபார்க்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. குரோமில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, எழுத்தின் நிறக் கட்டத்தைச் சொடுக்கினால் கான்ட்ராஸ்ட் விகிதம் அங்கேயே தெரியும். ‘ரெண்டரிங்’ பகுதியில் நிறப்பார்வைக் குறைபாடுகளைப் போலியாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதில் நிறமே இல்லாத நிலையையும் தேரலாம். முதலில் பக்கத்தை அப்படிக் கறுப்பு-வெள்ளையாக்கிப் பாருங்கள். விலையும் பட்டனும் அந்த நிலையிலும் தேடாமல் கண்ணில் பட்டால், அதற்குப் பிறகு வாடாமல்லியா மயில்கழுத்தா என்று வீட்டில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளலாம்.